அரிசிச் சோற்றுக்கும் ரத்தக் கொழுப்புக்கும் என்ன தொடர்பு? குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி சொல்வது என்ன?

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தால், வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது முட்டை. அடுத்து நெய், தேங்காய். ஆனால் தட்டில் குவியும் சோற்றில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. "சோத்துல ஏது கொழுப்பு?" என்பதுதான் பலரின் கேள்வி.

சோற்றில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை என்பது உண்மைதான். ஆனால் ரத்தத்தில் சுற்றும் கொழுப்பு முழுவதும் நாம் சாப்பிடும் கொழுப்பில் இருந்து மட்டும் வருவதில்லை. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றிவிடும்.

அரிசியை மட்டும் நம்பிய சாப்பாடு உடலை என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் முறையான ஆராய்ச்சி தொடங்கிய இடம், நீலகிரி மாவட்டம் குன்னூர். அங்கே கிடைத்த பதில் என்ன, இன்றைய ஆய்வுகள் அதில் எதைச் சேர்த்திருக்கின்றன, உங்கள் தட்டில் எதை மாற்ற வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

குன்னூரில் என்ன நடந்தது?

குன்னூர் சிம்ஸ் பூங்கா அருகே உள்ள பாஸ்டியர் நிறுவனம், வெறிநாய்க்கடி தடுப்பு மருந்துக்காக 1907-ல் தொடங்கப்பட்டது. அதன் ஓர் அறையில் 1918-ல் புதிதாக ஓர் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியது. அதன் வேலை, 'பெரிபெரி' என்ற நோய் பற்றி விசாரிப்பது. பொறுப்பேற்றவர், இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர் ராபர்ட் மெக்கரிசன்.

பெரிபெரி வந்தவர்களுக்குக் கால் மரத்துப்போகும், நடை தளரும், உடல் வீங்கும். கடைசியில் இதயம் செயலிழக்கும். வைட்டமின் பி1 என்ற தயமின் குறைவதுதான் காரணம். ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய பச்சரிசியையே பெரும்பாலும் சாப்பிட்டவர்களை இது அதிகம் தாக்கியது. தவிட்டோடு சேர்ந்து பி1 சத்தும் போய்விட்டதுதான் விஷயம்.

அந்த ஓர் அறைப் பிரிவு 1925-ல் 'குறைபாட்டு நோய்கள் ஆய்வு' என விரிந்தது. 1928-ல் 'ஊட்டச்சத்து ஆராய்ச்சி ஆய்வகங்கள்' என்ற முழு நிறுவனமாக மாறியது. 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் 'தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்' என்று பெயர் பெற்றது. இன்று இந்தியர்கள் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று வழிகாட்டும் அதே என்ஐஎன் நிறுவனம்தான் இது. பிறந்த ஊர் குன்னூர்.

எலிகளுக்கு மெட்ராஸ் சாப்பாடு

மெக்கரிசன் செய்த சோதனைகளில் அதிகம் பேசப்பட்டது எலிச் சோதனை. ஒரே வயது, ஒரே எடை கொண்ட எலிகளைக் குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்தார். சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, மராத்தியர் உணவு, வங்காளிகள் உணவு, மெட்ராஸ்காரர்கள் உணவு என்று பட்டியல் நீண்டது.

முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, காய்கறி, எப்போதாவது இறைச்சி எனச் சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. மெட்ராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் 155 கிராமில் நின்றன. பட்டியலில் அதுதான் கடைசி இடம்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எலி மனிதன் அல்ல. 'வீர இனம்', 'பலவீனமான இனம்' என்று மக்களைப் பிரித்த காலனி ஆட்சியின் பார்வையும் அந்த ஒப்பீட்டில் கலந்திருந்தது. அதோடு, மெட்ராஸ் உணவு என்று அவர் எடுத்துக்கொண்டது தீட்டிய அரிசியே பிரதானமாக, பாலும் பருப்பும் குறைவாக இருந்த சாப்பாடு. அதாவது ஏழையின் தட்டு.

பிரிட்டனில் ஏழைகள் சாப்பிட்டதையும் மெக்கரிசன் விட்டுவைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, டின் இறைச்சி, ஜாம் கொடுத்து வளர்த்த எலிகளின் நிலைமை இன்னும் மோசம். வளர்ச்சி குன்றியதோடு, ஒன்றையொன்று கொன்று தின்னவும் தொடங்கின. அதனால் இது 'கோதுமையா, அரிசியா' என்ற சண்டை அல்ல. ஒரே ஒரு தீட்டிய தானியத்தை வைத்து வயிற்றை நிரப்பும் சாப்பாடுதான் பிரச்சினை.

புழுங்கல் அரிசி காப்பாற்றியது எப்படி?

1935-ல் மெக்கரிசனுக்குப் பிறகு இயக்குநரானவர் வாலஸ் அய்க்ராய்டு. அவர் காலத்தில் குன்னூர் ஆய்வகம் அரிசியை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தது.

அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில், இன்று கடலோர ஆந்திரமாக உள்ள பகுதியில் பெரிபெரி அதிகம் இருந்தது. தமிழ்ப் பகுதிகளில் அந்த அளவுக்கு இல்லை. இரு இடத்திலும் அரிசிதான் உணவு. வித்தியாசம் புழுக்குவதில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, மேல் அடுக்கில் உள்ள பி1 சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடும். அதன் பிறகு ஆலையில் தீட்டினாலும் கணிசமான அளவு தங்கும். நம் பாட்டிமார் நெல் அவித்த அண்டாவுக்குப் பின்னால் இருந்த அறிவியல் இதுதான்.

அடுத்ததாக, இந்திய உணவுப் பொருட்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்ற அட்டவணையை 1937-ல் அய்க்ராய்டு வெளியிட்டார். அரிசி அளவைக் குறைத்து, அதில் ஒரு பங்குக்குச் சிறுதானியம் சேர்த்து, பருப்பு, பால், கீரை, காய், பழத்தைக் கூட்டும் திட்டமும் அதில் இருந்தது. இன்று டயட்டீஷியன்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டிலும் கிட்டத்தட்ட இதுதான் இருக்கிறது. அந்த அட்டவணையின் வழிவந்ததுதான் 528 உணவுப் பொருட்களை அளந்து 2017-ல் என்ஐஎன் வெளியிட்ட சத்துப் பட்டியல்.

அன்று குறைபாடு. இன்று என்ன?

பெரிபெரி இன்று அரிது. ஆனால் அரிசி தட்டின் நடுவிலேயே இருக்கிறது. மாறியது வாழ்க்கை. தேயிலைச் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவருக்குத் தேவைப்படும் சோறும், ஓட்டுநர் இருக்கையிலோ கடையிலோ கம்ப்யூட்டர் முன்போ உட்கார்ந்திருக்கும் அவர் பிள்ளைக்குத் தேவைப்படும் சோறும் ஒன்றல்ல. தட்டு மட்டும் அதே தட்டு.

இதன் விளைவை எண்களில் காட்டியது ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு இது. 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட இதன் முடிவுகள் 2023-ல் வெளியாயின:

• சர்க்கரை நோய்: 11.4%
• சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை: 15.3%
• உயர் ரத்த அழுத்தம்: 35.5%
• வயிற்றுப் பகுதிப் பருமன்: 39.5%
• ரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு: 81.2%

கடைசி எண்ணைக் கவனியுங்கள். 10 பேரில் 8 பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒன்று சரியில்லை.

அது என்ன கோளாறு? தமிழ்நாடு உள்ளிட்ட 4 பகுதிகளில் நடந்த இதே ஆய்வின் முதல் கட்டம் 2014-ல் பதில் சொன்னது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் 13.9% மட்டுமே. ட்ரைகிளிசரைடு அதிகம் இருந்தவர்கள் 29.5%. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைவாக இருந்தவர்கள் 72.3%. அதாவது, எல்லோரும் பயப்படும் கொலஸ்ட்ராலைவிட, பலர் பார்க்காமல் விடும் மற்ற இரண்டு வரிகளில்தான் கோளாறு அதிகம்.

ரிப்போர்ட்டில் உள்ள 4 எண்கள் என்ன சொல்கின்றன?

கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் அது தனியாகப் போக முடியாது. புரதம் சுற்றிய சிறு உருண்டைகளில் ஏறித்தான் பயணம் செய்கிறது.

எல்டிஎல்: கொலஸ்ட்ராலை உடல் முழுக்கக் கொண்டுபோகும் வண்டி. அளவு கூடினால் ரத்தக் குழாய்ச் சுவரில் இறக்கிவிட்டுப் போய்விடும். அடைப்புக்கு முக்கியக் காரணம் இதுவே. சாதாரணமாக 100-க்குக் கீழே இருப்பது நல்லது.

எச்டிஎல்: மிஞ்சிய கொலஸ்ட்ராலைத் திரும்ப அள்ளி வந்து கல்லீரலில் சேர்க்கும் வண்டி. ஆண்களுக்கு 40-க்கு மேலும், பெண்களுக்கு 50-க்கு மேலும் இருக்க வேண்டும்.

ட்ரைகிளிசரைடு: உடல் சேமித்து வைக்கும் எரிபொருள். 150-க்குக் கீழே இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

மொத்தக் கொலஸ்ட்ரால்: 200-க்குக் கீழே இருப்பது நல்லது. ஆனால் இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. எச்டிஎல் குறைந்து, ட்ரைகிளிசரைடு கூடியிருந்தாலும் மொத்த அளவு 'நார்மல்' என்று காட்டலாம்.

சோறு எப்படிக் கொழுப்பாகிறது?

சோறு செரித்ததும் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கும். கணையம் இன்சுலினைச் சுரக்கும். உடல் உழைப்பு இருந்தால் தசைகள் அந்தக் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். உழைப்பு இல்லை, கல்லீரலின் கையிருப்பும் நிறைந்துவிட்டது என்றால், மிச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்பும். ஒரு பகுதி கல்லீரலிலேயே படியும். 'ஃபேட்டி லிவர்' என்று ஸ்கேனில் வருவது இதுதான்.

ட்ரைகிளிசரைடு கூடும்போது எச்டிஎல் உருண்டைகள் அதை வாங்கிக்கொண்டு தங்கள் கொலஸ்ட்ராலைக் கொடுத்துவிடும். அப்படி மாறிய எச்டிஎல் சீக்கிரம் சிதைந்துவிடும். எல்டிஎல் உருண்டைகளும் சிறுத்து, அடர்த்தியாகி, ரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழையும். எண்ணெய் அதிகம் தொடாதவருக்கும் கொழுப்பு வருவதன் காரணங்களில் ஒன்று இது.

சென்னை நகரவாசிகளிடம் நடந்து 2009-ல் வெளியான க்யூர்ஸ் ஆய்வும் இதையே காட்டியது. வெள்ளை அரிசி போன்ற தீட்டிய தானியங்களை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் ட்ரைகிளிசரைடும் அதிகமாகவும், எச்டிஎல் குறைவாகவும் இருந்தன.

அதற்காக எண்ணெய், நெய்யை இஷ்டத்துக்குச் சேர்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை உயர்த்தும். பரம்பரை, புகையிலை, உடற்பயிற்சி இல்லாமை ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.

ரேஷன் கேழ்வரகு: பலன் தருமா?

2023 மே மாதம் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். நீலகிரிக்கு இது புதிய உணவு அல்ல. படுகர் வீடுகளில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் பழைய சாப்பாடு.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 பேர் உள்ள குடும்பத்துக்கு 2 கிலோ என்பது, ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 17 கிராம்.

100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்தும் 8 கிராம் புரதமும் இருக்கின்றன. கேழ்வரகில் மாவுச்சத்து 67 கிராம், புரதம் 7 கிராம். கால்சியத்தில்தான் பெரிய வித்தியாசம்: அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை, கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்கும் மேல். நார்ச்சத்தும் கேழ்வரகில் பல மடங்கு அதிகம். எலும்புக்கும் குடலுக்கும் நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதுவும் பெரும்பாலும் மாவுச்சத்துதான்.

2025-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் உணவு ஆய்வு இங்கே முக்கியம். இந்தியர்களின் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்தில் இருந்து வருகிறது என்று அது கண்டறிந்தது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானியம் என்று மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. அதே நேரம், கலோரியில் 5% அளவு மாவுச்சத்துக்குப் பதிலாகப் பருப்பு, பால், முட்டை, மீன் புரதம் சேர்ந்தபோது அபாயம் குறைவாக இருந்தது.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு தட்டுச் சோற்றுக்குப் பதில் இரண்டு உருண்டைக் களி என்றால் பெரிய பலன் இல்லை. ஒரு உருண்டைக் களியும் ஒரு கிண்ணம் அவரைக் குழம்பும் என்றால் பலன் உண்டு. உலர்ந்த அவரை, துவரை போன்ற பயறுகளில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது.

டீ குடிக்கலாமா?

தேயிலை மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டீயை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என்ஐஎன் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி இரண்டு விஷயங்களைச் சொல்கிறது.

முதலாவது நேரம். டீ, காபியில் உள்ள டானின், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாது. அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது சர்க்கரை. நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு டீக்கு 2 ஸ்பூன், ஒரு நாளைக்கு 4 டீ என்றால் 32 முதல் 40 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. வர்க்கியும் பிஸ்கட்டும் தனிக் கணக்கு.

தட்டில் என்ன மாற்ற வேண்டும்?

நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு என்ஐஎன் சொல்லும் அளவு இது:

• அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். இது சமைப்பதற்கு முந்தைய எடை
• பருப்பு, பயறு அல்லது முட்டை, மீன், இறைச்சி: 85 கிராம்
• காய்கறி, கீரை: 400 கிராம்
• பழம்: 100 கிராம்
• பால் அல்லது தயிர்: 300 மில்லி
• கடலை போன்ற கொட்டைகள்: 35 கிராம்
• எண்ணெய், நெய்: 27 கிராம்

தானியங்களில் இருந்து வரும் கலோரி 45%-ஐத் தாண்டக் கூடாது என்பதே இதன் அடிப்படை. ஒருவர் நாளைக்கு 400 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டால், அரிசியில் இருந்து மட்டுமே 1,400 கலோரிக்கு மேல் வந்துவிடும். 2,000-ல் அது 70%.

பருப்பு, பால், பழம் என்று வாங்கினால் மளிகைச் செலவு கூடும் என்பதும் நிஜம். ரேஷனில் அரிசி இலவசம், பயறும் பழமும் அப்படி இல்லை. குன்னூர் ஆய்வகம் 1930-களில் சந்தித்த அதே சிக்கல் இது. செலவு அதிகம் இல்லாமல் தொடங்க வழி உண்டு. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி சுண்டல் சேர்ப்பது, சாம்பாரைத் தண்ணீராக விடாமல் பருப்பைக் கெட்டியாக வைப்பது, வேர்க்கடலை, கீரை, முட்டை. இவை எல்லாம் உள்ளூர்க் கடையில் கிடைப்பவைதான்.

யார், எப்போது பரிசோதிக்க வேண்டும்?

இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 18 வயதிலேயே முதல் லிப்பிட் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதற்கும் முன்பே பார்க்க வேண்டும். ட்ரைகிளிசரைடைச் சரியாக அளக்க, 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு போவது நல்லது.

லேபுக்குப் போகும் முன்பே வீட்டில் ஒரு டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அது எச்சரிக்கை. ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் தள்ளியிருந்தாலும் இதே கணக்குதான்.

ஒன்று மட்டும் கவனம். கொழுப்பு மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. சோற்றைத் திடீரெனப் பாதியாகக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மருந்து அளவையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவ ஆலோசனை பெறுவது அவசியம்.